எட்டாம் எண்ணில் என் சைக்கிள்

செப்டம்பர் 22, திங்கள்

காலாண்டுத் தேர்வில் இன்று ஆங்கிலம். கட்டுரைக்கு 'நான் விரும்பும் பொருள்' என்று வந்தது. என் சைக்கிளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு வெளியே வந்தேன். சைக்கிள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நேற்றே அப்பா சொல்லியிருந்தார்: "பின் சக்கரம் ஆடுது மக்கா. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்." எனக்குத் தெரிந்து அது ஆடியதில்லை.

என் வகுப்புத் தோழி ரோஸ்லின் தன் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஏழு கிலோமீட்டர் மிதித்தாள். பாலத்து ஏற்றத்தில் இறங்கி நடக்கச் சொன்னாள். "பரீட்சை முடியிற வரைக்கும்தாண்ட்டி. லீவு முடிஞ்சா நான் ஆஸ்டலுக்குப் போயிருவேன். அப்புறம் நீ பறந்துதான் போவணும்" என்றாள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரைதான். பதினொன்றில் அறிவியல் பிரிவு வேண்டுமென்றால் பக்கத்து ஊர்தான். காலையில் ஒரே பேருந்து, அதுவும் ஒன்பதே முக்காலுக்கு. அம்மா ஜூன் மாதமே சொல்லிவிட்டாள்: "சைக்கிள் தாராவ, போறே. சைக்கிள் இல்லன்னா எங்கூட அளத்துக்கு வா." அளம் என்றால் உப்பளம். அம்மா விளையாட்டாகச் சொல்கிறவள் இல்லை.

ஆகவே ரிப்பேர் சீக்கிரம் முடிய வேண்டும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கொடியேற்றம். தசரா தொடங்கிவிட்டது. இனிப் பத்து நாளைக்கு எங்கள் ஊரில் யார் யார் என்று தெரியாது. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் மாலை போட்டு, விரதம் இருந்து, காளியாகவும் குரங்காகவும் குறவனாகவும் வேஷம் கட்டி வீடு வீடாகத் தர்மம் எடுப்பார்கள். பலசரக்குக் கடைக்காரர் காளி. பால்காரர் குரங்கு. அப்பா இந்த வருஷம் போலீஸ். தோளில் மூன்று நட்சத்திரம், தலையில் தொப்பி, கையில் உண்டியல். உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிற உடம்பு என்பதால் சட்டை கச்சிதமாகப் பொருந்தியது.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "திருடன் வேஷம் கட்டியிருந்தா துணிச் செலவு மிச்சம்" என்றாள். அப்பா சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

மாலை கடற்கரைத் திடலில் கடைகள் பார்க்கப் போனேன். ராட்டினத்துக்குப் பக்கத்தில் துரைப்பாண்டி அண்ணாச்சியின் சக்கரக் கடை. வருஷா வருஷம் வருகிற கடைதான். இருபத்துநான்கு எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் மேலே ஒரு பரிசு தொங்கும்: சோப்பு டப்பா, பிளாஸ்டிக் குவளை, சல்லடை, சுவர்க் கடிகாரம். எட்டாம் எண்ணுக்கு மேல், சீரியல் விளக்குச் சுற்றி, ஒரு சைக்கிள் தொங்கியது.

அரசாங்கம் கொடுத்த சைக்கிள்கள் எல்லாம் ஒரே நிறம்தான். ஆனால் எல்லாச் சைக்கிளிலும் இருக்கைக்கு அடியில் வெள்ளைப் பெயின்ட்டில் 'இ' என்று எழுதியிருக்காது. நான் இசக்கியம்மாள்.

ராட்டினத்தின் பின்னால் அப்பாவைப் பிடித்தேன்.

"அது ஒன் சைக்கிள் இல்லம்மா. கவர்மெண்டு சைக்கிள் எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"இருக்கைக்கு அடியில 'இ' இருக்கு."

அப்பா தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினார். "ஒரே ஒரு ஆட்டம்னுதான் டோக்கனுக்கு ஈடா வச்சேன். கொடியேத்துறதுக்கு முந்தி. இப்போ மாலை போட்டுட்டேன் பாரு, சூதுல கை வைக்கக் கூடாது. இல்லன்னா இன்னைக்கே ஜெயிச்சுக் கொண்டாந்திருவேன்."

விரதத்தை அப்பா மதிப்பது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா கேட்டால் பொய் சொல்லக் கூடாது. கேட்காத வரைக்கும் அது பொய் ஆகாது.

செப்டம்பர் 24, புதன்

நாளை இயற்பியல் தேர்வு. படிக்கும் பொருட்டு சக்கரக் கடைக்குப் போனேன்.

அது வேலை செய்யும் விதம்: பெரிய அலுமினியத் தாம்பாளம், சாய்வான சுவரோடு. நடுவில் மரச் சக்கரம். சக்கரத்தின் ஓரத்தில் ஆணி அடித்துப் பிரித்த, எண்கள் வரிசை கலைந்த இருபத்துநான்கு அறைகள். அண்ணாச்சி சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றிவிட்டு, லாரி பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டைச் சுவர் ஓரமாக எதிர்ப்பக்கம் வீசுகிறார். குண்டு சுற்றுகிறது, தளர்கிறது, சரிந்து உள்ளே விழுகிறது. நாம் டோக்கன் வைத்த எண்ணில் விழுந்தால் மேலே தொங்குவது நமக்கு.

முக்கியமான விஷயம்: குண்டு ஓடத் தொடங்கிய பிறகும் டோக்கன் வைக்கலாம். "மணி அடிச்சா கையெடு" என்பதுதான் சட்டம். அண்ணாச்சி மணியை மிகவும் தாமதமாக அடிக்கிறார். கடைசி ஆள் கடைசி டோக்கனை வைக்கும் வரை அவருக்கு மனசு வருவதில்லை.

இந்த மனசைத்தான் நான் பயன்படுத்தப் போகிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

தேர்வு நன்றாக எழுதினேன். சுழற்சி இயக்கத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வி. பதிலின் பாதியில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்காணிப்பாளர், "காய்ச்சலா?" என்று கேட்டார்.

குண்டை அண்ணாச்சி வேகமாக வீசினாலும் மெதுவாக வீசினாலும் கவலையில்லை. அது சுவரைவிட்டுச் சரிவது எப்போதும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்குக் குறைந்த பிறகுதான். ஆகவே ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தால், இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று சொல்லிவிடலாம். சக்கரத்தின் வேகமும் தெரிந்தால், குண்டு எந்தப் பக்கம் விழும் என்றும் சொல்லலாம். ஓர் எண்ணைத் துல்லியமாகச் சொல்ல முடியாது; நான்கு எண்களைச் சொல்லலாம். போதும்.

ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் அப்பா தேவாலயத்தில் உபதேசியார். "சூதாடுறது பாவம்ட்டி" என்றாள்.

"இது சூது இல்ல, சோதனை."

"சோதனைக்குள்ளே எங்களைப் பிரவேசிக்கப் பண்ணாதேன்னு தினமும் சொல்லுதோமே, அதுவா?" என்றாள். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, "சோப்பு டப்பா எல்லாம் எனக்கு. சைக்கிள் ஒனக்கு" என்றாள். டோக்கனுக்கு அவளுடைய கிறிஸ்துமஸ் உண்டியல்.

செப்டம்பர் 26, வெள்ளி

தேர்வுகள் முடிந்தன. அறிவியல் மன்றத்து அலமாரியிலிருந்து கணக்குப் போடக்கூடிய ஒரு சிறிய மின்பலகையை வாங்கிவந்தேன். பதிவேட்டில் 'மண் ஈரப்பத ஆய்வு' என்று எழுதினேன். கடற்கரை மண்ணில் நின்றுகொண்டுதான் செய்யப் போகிறோம், ஆகவே முழுப் பொய் இல்லை.

வலது கேன்வாஸ் ஷூவில் பெருவிரலுக்கு அடியில் ஒரு பொத்தான். குண்டு ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போதெல்லாம் விரலால் அழுத்த வேண்டும். பழைய கைபேசியிலிருந்து எடுத்த அதிர்வு மோட்டார் குதிகாலில். அடுத்தடுத்த அறைகளின் எண்களை நான்கு நான்காக ஆறு கூட்டமாகப் பிரித்திருக்கிறோம். ஓர் அதிர்வு என்றால் முதல் கூட்டம், ஆறு என்றால் ஆறாவது. கம்பிகளைப் பற்றவைத்தது ரோஸ்லின். என் பங்கு கணக்கு.

அம்மா, "லீவு நாள்ல எதுக்கு ஷூ?" என்று கேட்டாள்.

"விளையாட்டுக்கு" என்றேன். இதுவும் பொய் இல்லை.

செப்டம்பர் 27, சனி

முதல் நாள். குதிகாலில் மின்சாரம் தாக்கி, கூட்டத்துக்கு நடுவில் 'ஐயோ' என்று குதித்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி எனக்கு அருள் வந்துவிட்டது என்று திருநீறு பூசி, தன் பேரனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்டார். அதைக் கணிக்க என்னிடம் தரவு இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

வேலை செய்கிறது!

இருபது ஆட்டம் டோக்கன் வைக்காமல் அளந்தோம். ஷூவின் கணக்கைத் திருத்தினோம். கடை கடற்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நிற்பதால் குண்டு அந்தப் பக்கமே அதிகம் சரிகிறது; அதையும் சேர்த்தோம். பிறகு டோக்கன். கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் ஆறு ஆட்டத்துக்கு ஒன்று வெல்லலாம். நாங்கள் ஐந்துக்கு இரண்டு வென்றோம். குவளை, சோப்பு டப்பா, சல்லடை, சோப்பு டப்பா, சீப்புப் பெட்டி, குவளை.

பலசரக்குக் கடைக் காளியும் விளையாடினார். (அப்பாவைப் போல எல்லோரும் விரதத்தை மதிப்பதில்லை.) எண்ணைச் சொல்வதற்கு அவர் ஒவ்வொரு முறையும் தகர நாக்கைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். "ஏ துரை, காளிக்கு ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டியாவே?" என்று கத்தினார்.

துரைப்பாண்டி என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு ராசியான கை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கை இல்லை அண்ணாச்சி, கால்.

அப்பா மூன்று நட்சத்திரத்தோடு தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் வரவில்லை. ஆனால் குண்டு விழும்போதெல்லாம் அவருடைய தலையும் சேர்ந்து சுற்றியது.

உபதேசியார் வீட்டுக்குள் சூதில் வென்ற சோப்பு டப்பா போக முடியாதாம். எல்லாம் என் கட்டிலுக்கு அடியில்.

செப்டம்பர் 29, திங்கள்

காலை பத்து மணிக்கே போய்விட்டோம். மதியச் சாப்பாடு மறந்துவிட்டது. பசிக்கவுமில்லை.

எட்டு இன்னும் வரவில்லை. ஆனால் எட்டு இருக்கிற கூட்டத்தை ஷூ சரியாகவே சொல்கிறது. இன்று மூன்று முறை எட்டுக்குப் பக்கத்து அறையில் விழுந்தது. ஒரு முறை எட்டின் ஆணியிலேயே மோதி, எகிறி, அடுத்த அறையான பத்தொன்பதில் போய் உட்கார்ந்தது. நெருங்கிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் இதற்குப் பொருள்.

ரோஸ்லின், "போதும்ட்டி, உண்டியல் காலி" என்றாள். வென்ற சுவர்க் கடிகாரத்தை ராட்டினக்காரரிடம் விற்று டோக்கன் வாங்கினேன். இன்னும் இரண்டே ஆட்டம் என்று சொன்னேன். எத்தனை ஆடினோம் என்று எண்ணவில்லை. சோதனையில் எண்ணிக்கையை விடுவது தவறு. நாளை முதல் சரியாகக் குறிக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா புதுக் குவளையில் தண்ணீர் வைத்தாள். கட்டிலுக்கு அடியில் பெருக்கியிருக்கிறாள்.

"ஏது இவ்வளவு குவளை?"

"அறிவியல் மன்றம்" என்றேன்.

"அறிவியல்ல குவளைதான் குடுப்பாவளா?"

"சல்லடையும்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரசத்தைப் பார்த்தார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று ஒன்பது வெற்றி. எட்டு வரவில்லை.

வந்ததும் உட்கார்ந்து, இதுவரை குறித்துவைத்த நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்களையும் எண் வாரியாகப் பிரித்தேன். ஓர் எண் தவிர எல்லா எண்ணும் பத்துக்கு மேல் வந்திருக்கிறது. பத்தொன்பது முப்பத்தொரு முறை. எட்டு: பூஜ்யம்.

பூஜ்யம் வர முடியாது. கூட்டலில் எங்கோ பிழை விட்டிருக்கிறேன். நாளை காலை நிதானமாகச் சரிபார்க்க வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

(நாள்காட்டித் தாளின் பின்புறம், பென்சிலால்.)

இன்று சரஸ்வதி பூஜை. விடிவதற்குள் அம்மா வீட்டிலிருக்கிற எல்லாப் புத்தகத்தையும் நோட்டையும் பூஜையில் வைத்துவிட்டாள். கணக்கு நோட்டு போய்விட்டது. நாட்குறிப்பும் போய்விட்டது. நாளை மறுபூஜை முடியும் வரை தொடக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதவும் கூடாது. இது பென்சில். தாளும் போன மாதத்துத் தாள். சரஸ்வதி பொறுத்துக்கொள்வாள்.

கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருந்த ஷூவையும் ஆயுதம் என்று எடுத்துவந்து, சந்தனம் குங்குமம் வைத்து, அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள் அம்மா. என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ரோஸ்லின் வீட்டுக்கு ஓடி, எட்டு ஒரு முறைகூட வராததையும் நோட்டு பூஜையில் போனதையும் சொன்னேன். "ஒன் சாமி நோட்டைப் பூட்டி வச்சா என்ன, என் வெரலை யாரும் பூட்டலயே" என்று கிளம்பிவிட்டாள். அரை மணியில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

நடந்தது இது: ஆயுத பூஜை என்பதால் கடையில் ஆட்டம் கிடையாது. சக்கரத்தைக் கழுவி, எண்ணெய் போட்டு, பொட்டு வைத்து, படுதாவை இறக்கிவிட்டு துரைப்பாண்டி சுண்டல் வாங்கக் கோயிலுக்குப் போயிருந்தார். இவள் படுதாவுக்கு அடியில் புகுந்து ஒவ்வோர் அறையிலும் விரல் விட்டுப் பார்த்திருக்கிறாள்.

"எல்லாத்துலயும் ரெண்டு வெரல் போவுது. எட்டுல ஒண்ணுதான் போவுது, ரெண்டாவது நகத்தோட நின்னுருது."

"ஆணி வளைஞ்சிருக்குமோ?"

"வளையலட்டி. நெருக்கி அடிச்சிருக்கான். அந்தக் குண்டு இந்த ஜென்மத்துல அதுக்குள்ள போவாது."

குண்டின் வேகம், சக்கரத்தின் வேகம், சுவரின் சாய்வு, கடையின் சாய்வு எல்லாவற்றையும் அளந்தேன். அறையின் அகலத்தை அளக்கத் தோன்றவில்லை.

அப்பாவும் ஏழு தடவை எட்டில்தான் கட்டினாராம். ரோஸ்லினின் அண்ணன் பார்த்திருக்கிறான். அப்பா என்னிடம் ஒரே ஆட்டம் என்றுதான் சொன்னார். மறந்திருப்பார்.

நாளைதான் கடைசி நாள். நாளை மறுநாள் கடை வேறு ஊருக்குப் போய்விடும், சைக்கிளோடு. குண்டை வாங்கி எல்லோருக்கும் முன்னால் எட்டில் வைத்துக் காட்ட வேண்டும். ஆனால் துரைப்பாண்டி குண்டை யார் கையிலும் கொடுப்பதில்லை. அளத்துக்குப் போனால் காலில் போட என்னிடம் கேன்வாஸ் ஷூ மட்டும்தான் இருக்கிறது. உப்பில் அது ஒரு மாதம் தாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறேன்.

இந்தத் தாளை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்துவைக்கிறேன். அங்கே யாரும் தேட மாட்டார்கள்.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் மறுபூஜை முடிந்து நாட்குறிப்பு கைக்கு வந்தது. அட்டையில் பொட்டு இருந்தது. உள்ளேயும் ஒரு பொட்டு இருந்தது, செப்டம்பர் 23ஆம் தேதிப் பக்கத்தில். நடுவில் திறந்து வைத்திருப்பாள். எதேச்சையாக அந்தப் பக்கம் வந்திருக்கும். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். என் கையெழுத்து வேறு சிறியது.

மாலை நான்கு மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு ரோஸ்லினோடு போனேன். திடல் முழுக்க மனிதர்கள். காளிகள் மட்டும் நாற்பது பேர் இருப்பார்கள். துரைப்பாண்டி தலைகால் தெரியாமல் குண்டை வீசிக்கொண்டிருந்தார். எண்ணெய் போட்டதில் சக்கரம் வேறு மாதிரி ஓடியது. மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். பொத்தானை அழுத்தத் தொடங்கினேன்.

"ஏட்டி, நாம அதுக்கா வந்தோம்?" என்றாள் ரோஸ்லின்.

"கொஞ்சம் பொறு. முப்பது ஆட்டம் பார்த்தா கணக்கு சரியாயிரும்."

"கணக்கு எதுக்கு? எட்டுதான் வராதே!"

அவள் சொன்னது சரிதான். எனக்குத் தெரியும். ஆனாலும் அழுத்தினேன்.

அப்போதுதான் கூட்டம் விலகியது. அம்மா வந்துகொண்டிருந்தாள். அளத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள், முழங்கால் வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. தோளில் ஒரு சாக்கு. அதைக் கடைப் பலகையில் கொட்டினாள். குவளை, சோப்பு டப்பா, சல்லடை, சீப்புப் பெட்டி எல்லாம் உருண்டன.

துரைப்பாண்டி, "என்ன தாயி, எதுத்தாப்ல கடை போடப் போறியளா?" என்றார். கூட்டம் சிரித்தது.

"இதெல்லாம் எம்புள்ள ஒங்ககிட்ட ஜெயிச்சது. திருப்பி எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அந்தக் குண்டை எட்டாம் நம்பர் அறையில வச்சுக் காட்டுங்க. சுத்த வேண்டாம். சும்மா வைங்க."

ரோஸ்லின் என் காதில், "நீ சொல்லிட்டியா?" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

"நேத்துதான் பூசை போட்ட சாமான் தாயி. கண்ட கையும் படக் கூடாது."

"ஒங்க கையாலயே வைங்கங்கேன்."

காளி தகர நாக்கைக் கழற்றி இடுப்பில் செருகினார். "வையும்வே. நானும் ஒம்போது நாளா எட்டுலதான் கட்டுதேன். வையும், பாப்போம்."

பால்காரக் குரங்கு பலகைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. துரைப்பாண்டி குண்டை எடுத்து, வேட்டியில் துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தாயி, ஒங்க சைக்கிளை நான் புடுங்கல. ஒங்க வீட்டுக்காரரு தானா உருட்டிட்டு வந்து வச்சாரு. அவரைக் கேளுங்க. அந்தா நிக்காரு இன்ஸ்பெக்டரு."

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா ராட்டினத்தின் பின்னால் போகப் பார்த்தார். ஆனால் மூன்று நட்சத்திரத்தோடு கூட்டத்தில் ஒளிவது கடினம். அம்மா அவரைக் கூப்பிடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அப்பா முன்னே வந்து தொப்பியைக் கழற்றினார்.

"நான்தான் வச்சேன்" என்றார். "எம்புள்ளை சைக்கிள். ஏழு தடவ கட்டினேன், எட்டுலயே. அவகிட்ட ஒரு தடவன்னு சொன்னேன்."

யாரோ, "போலீசே வாக்குமூலம் குடுக்குடோய்!" என்று கத்தினார்கள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. அப்பா சிரிக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று நான் அளக்கவில்லை.

அந்த நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். சுண்டல் விற்கிற ஆச்சி மூத்தவரின் கையில் ஒரு நாணயத்தை வைத்துக் கும்பிட்டார்.

"யம்மா, நான் நெசப் போலீசு" என்றார் அவர்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுதாவ" என்று ஆச்சி இன்னொரு நாணயம் வைத்தார்.

குரங்கு அவருடைய லத்தியைத் தடவிப் பார்த்து, "நல்ல மூங்கிலு. வாடகைக்கா, சொந்தமா? எந்தக் குழு நீங்க?" என்று கேட்டது. இளையவர் அப்பாவின் தோளில் இருந்த மூன்று நட்சத்திரத்தைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, கையில் இருந்த உண்டியலைக் கண்டதும் கையை மெதுவாகத் தலையைச் சொறிய எடுத்துக்கொண்டார்.

"என்னவே இங்க கூட்டம்? சூதா?" என்று மூத்தவர் நிஜக் குரலில் கத்தியபோதுதான் எல்லோருக்கும் புரிந்தது. காளிகள் பத்துக் கைகளோடும் பின்வாங்கினார்கள்.

துரைப்பாண்டி அதற்குள் ஸ்டூலில் ஏறியிருந்தார். சீரியல் விளக்கைப் பிய்த்து, கயிற்றை அறுத்து, சைக்கிளை இறக்கி என் கையில் தள்ளினார். "ஒண்ணுமில்ல சார். இந்தப் பாப்பா சைக்கிளை இங்கன நிறுத்திட்டுப் போயிருச்சு. களவு போயிரக் கூடாதேன்னு நாந்தான் மேல பத்திரமா மாட்டி வச்சிருந்தேன். அப்பிடித்தானே பாப்பா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குண்டு அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அதை எட்டில் வைத்துக் காட்டச் சொன்னால் நிரூபணம் முடிந்துவிடும். ஒரே வாக்கியம்தான்.

அம்மா என் தோளில் கை வைத்தாள். உப்புப் பட்ட கை, சொரசொரவென்று இருந்தது.

"ஆமா சார்" என்றேன்.

ஆகவே எட்டாம் அறை குண்டைவிடச் சிறியது என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ரோஸ்லினின் விரல் மட்டுமே சான்று. இது எனக்கு வருத்தம்தான்.

போலீஸ்காரர்கள் ஆச்சியிடம் நாணயத்தைத் திருப்பிக் கொடுக்கப் போராடிவிட்டு, சுண்டலோடு போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் துரைப்பாண்டி எட்டாம் எண்ணுக்கு மேல் ஒரு குக்கரை மாட்டினார். இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அதே கூட்டம் டோக்கனோடு நெருங்கியது. காளி, "எட்டு" என்றார். நாக்கு ஏற்கெனவே கழற்றியிருந்ததால் இந்த முறை சரியான நேரத்தில் சொல்லிவிட்டார்.

நாங்கள் கிளம்பினோம். அப்பா சைக்கிளை உருட்டினார். அம்மா முன்னால். பத்தடி போயிருப்போம், பின்னால் தாம்பாளத்தில் குண்டு உருளும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். ஆட்களுக்கு நடுவில் ஒரு சந்து வழியாகச் சக்கரம் தெரிந்தது. குண்டு கடக்கும்போது விரல் தானாக அழுத்தியது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று. குதிகாலில் நான்கு அதிர்வு. பத்தொன்பது இருக்கிற கூட்டம்.

மணி அடித்தது. "பத்தொம்போதேய்!" என்று துரைப்பாண்டி கூவினார்.

நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. நிமிர்ந்தால் அம்மா என் எதிரில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷூவைக் கழட்டு."

கழற்றினேன். அம்மா அதை வாங்கி உள்ளே விரல் விட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். குதிகால் அதிர்ந்ததும் கொஞ்சம் திடுக்கிட்டாள். பிறகு சாக்கில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

"இது சூது இல்லம்மா. கணக்கு" என்றேன்.

அம்மா திரும்பி, அப்பாவைப் பார்த்தாள். அவர் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்து நின்றார்.

"ஒங்க அப்பாவும் மொதல்ல நோட்டுப் போட்டுக் கணக்குதான் எழுதுனாவ" என்றாள். "ஒன்னைவிட நல்ல கையெழுத்து."

மண் இன்னும் சுட்டது. நான் வெறுங்காலோடு நடந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

சைக்கிள் வீட்டில் நிற்கிறது. பின் சக்கரம் ஆடவில்லை. திங்கட்கிழமை பள்ளி. சைக்கிள் சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. தினமும் காலையில் கேட்டு வாங்க வேண்டுமாம், மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு மட்டுமல்ல, அப்பாவுக்கும் இதே சட்டம்.

இன்று எதையும் அளக்கவில்லை. மதியம் மேகத்தைப் பார்த்ததும் மூன்றரைக்கு மழை வரும் என்று தோன்றியது. ரோஸ்லின் பக்கத்தில்தான் இருந்தாள், பந்தயம் கட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மூன்று முப்பத்திரண்டு.